ஓட்டைவாயும் கசியாத மருந்தும்

ஒரு சேதி நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்றால், "யார்கிட்டயும் சொல்லிடாதே" என்று சொல்லி அதை அவன் காதில் போட்டால் போதும். சாயங்காலத்துக்குள் நாற்பது பேருக்குத் தெரிந்துவிடும். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. பாவம், அவன் வாயில் எதுவும் தங்காது, அவ்வளவுதான். நர்சிங் பரீட்சையில் அக்கா ஒரு பாடத்தில் கோட்டை விட்டதை, அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பாவிடம் சொல்லி முடித்தவன். மனைவிக்குத் தெரியாமல் அவள் பிறந்தநாளுக்கு வாங்கி வைத்த கைக்கடிகாரம் நன்றாக இருக்கிறதா என்று மனைவியிடமே கேட்டவன். அக்காதான் அவனுக்கு ஓட்டைவாய் என்று பெயர் வைத்தாள். தலை நரைத்த பிறகும் அந்தப் பெயர் அவனை விட்டுப் போகவில்லை.

இந்த மனுஷனுக்கு வாய்த்த உத்தியோகத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். உள்ளே வைத்ததைச் சட்டென்று வெளியே விடாமல் இழுத்துப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக விடும் பொருளைச் செய்வதுதான் அவன் வேலை. சோளத் தோகையை ஊறவைத்து, வேகவைத்து, அரைத்து, மறுபடியும் அரைத்து, மைக்ராஸ்கோப்பே திணறும் அளவுக்குப் பொடியாக்கி, அந்தப் பொடிக்குள் மருந்தை அடைத்து வைப்பார்கள். நானோ மணி என்று பேர். விழுங்கினால் ஒரேயடியாக மருந்தைக் கொட்டிவிடாமல் நாள் முழுக்க அளந்து அளந்து விட வேண்டும். "தேவையான அளவு, தேவையான நேரத்தில், தேவையான இடத்துக்கு" என்று ஆய்வுக்கூடத்தின் வாசலில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். அதன் கீழே நின்றுகொண்டுதான் ஓட்டைவாய் அடுத்த வீட்டுக்காரரின் கடன் விவரத்தைக் காவலாளியிடம் சொல்லிக்கொண்டிருப்பான்.

அவனுடைய பெருமை எல்லாம் ஒரு கோட்டில் இருந்தது. மணியிலிருந்து மருந்து வெளியே வரும் வேகத்தைக் காட்டும் கோடு. அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல் ஒரே சீராக மேலே ஏறும். மற்ற ஆய்வுக்கூடங்களில் எல்லாம் இந்தக் கோடு முதலில் துள்ளிக் குதித்துப் பிறகு படுத்துவிடும். இவனுடையது மட்டும் நல்ல பிள்ளையாக நடந்தது. இயக்குநர் அதை வரவேற்பறைச் சுவரில் மாட்டினார். பிறகு காப்பிக் கோப்பையில் அச்சடித்தார். பிறகு பையிலும் போட்டார். இயக்குநரின் மனைவி அந்தப் பையில்தான் காய்கறி வாங்கிக்கொண்டு போவாள் என்று கேள்வி.

இந்தக் கோட்டை அக்கா நம்பினாள். அதுதான் விஷயமே.

அக்கா அரசு மருத்துவமனையில் நர்ஸ். ரத்தம் எடுப்பதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. நோயில் வற்றிப்போன கிழவர்கள், வீறிட்டு அழும் கைக்குழந்தைகள், நரம்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்றே தெரியாத குண்டு மனிதர்கள் யார் வந்தாலும் "அக்காவைக் கூப்பிடு" என்பார்கள். அவள் விரல் வைத்த இடத்தில் நரம்பு இருக்கும். குத்தினது தெரிவதற்குள் எடுத்திருப்பாள். அந்தக் கைக்குத்தான் நடுக்க வியாதி வந்தது. வேறு யாருக்கு வந்திருந்தாலும் வியாதி என்று மட்டும் சொல்லியிருப்பார்கள். அக்காவுக்கு அது வேலையையே பிடுங்கிக்கொண்டது. கோப்பு அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

"மாத்திரை போட்டு கொஞ்ச நேரத்துல கை கல்லு மாதிரி நிக்குதுடா" என்பாள். "அப்புறம் அது இறங்குது பாரு, சனியன், ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியல. ஏறுது, இறங்குது, ஏறுது, இறங்குது. நான் என்ன மனுஷியா, லிஃப்டா?"

"அதுக்குத்தானேக்கா மணி செய்றோம். ஏத்தமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. நாள் பூரா ஒரே மாதிரி. இந்தக் கோட்டைப் பாரு."

"பாத்தேன், பாத்தேன். இதோட நூறு வாட்டி காட்டிட்டே."

மனிதர்களிடம் மணியைச் சோதிக்க அனுமதி கிடைத்ததும் அக்கா முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். அதில் ஒரு விதி இருந்தது. மணி விழுங்கத் தொடங்கும் முன்பே பழைய மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். அந்த விதியை வகுத்த குழுவில் ஓட்டைவாயும் இருந்தான். அக்கா தலைமை நர்ஸிடம் போய், "இன்னும் கொஞ்ச நாள்தான். என் வார்டை எனக்குத் திருப்பிக் குடுக்கணும்" என்று சண்டை பிடிக்காத குறையாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

சோதனை தொடங்க இருந்த வேளையில்தான் ஆய்வுக்கூடத்து அளவு மெஷினுக்கு விளக்கு மாற்றினார்கள்.

மருந்தை அளக்கும் விதம் இதுதான். வயிற்று நீர் மாதிரி ஒரு கரைசலை உடம்புச் சூட்டில் கண்ணாடிக் குடுவையில் வைத்து, மணிகளைப் போட்டு, துடுப்பால் மெல்லக் கலக்குவார்கள். அவ்வப்போது அதில் கொஞ்சம் எடுத்து மெஷினுக்குள் வைத்தால், கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளியை மெஷின் அதில் பாய்ச்சும். மருந்து அந்த ஒளியை விழுங்கும். எவ்வளவு ஒளி காணாமல் போகிறதோ, அவ்வளவு மருந்து வெளியே வந்திருக்கிறது என்று கணக்கு. விளக்கு மாற்றியபின் மெஷின் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. அதற்குப்போய் விலை உயர்ந்த மருந்தை வீணாக்குவானேன் என்று, ஆய்வு மாணவி மருந்து அடைக்காத காலி மணிகளைக் குடுவையில் போட்டாள்.

கோடு ஏறத் தொடங்கியது. அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல், ஒரே சீராக.

"யாரும்மா இதுல மருந்தைப் போட்டது?" என்றான் ஓட்டைவாய்.

"யாரும் போடல சார். காலி மணிதான்."

"அப்போ குடுவையைச் சரியாக் கழுவல."

"ரெண்டு வாட்டி கழுவினேன் சார்."

அவனே கழுவினான். அவனே புதிதாகக் காலி மணி செய்தான். அவனே போட்டு, அவனே நின்று பார்த்தான். கோடு அதே வரவேற்பறைக் கோடு. காப்பிக் கோப்பையில் இருக்கும் கோடு.

சோளத் தோகைக்கு என்று ஒரு பழுப்புச் சாறு உண்டு. எவ்வளவு வேகவைத்தாலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அது நாள் முழுக்க நிதானமாகக் கசிந்திருக்கிறது. மருந்து விழுங்கும் அதே ஒளியைத்தான் அந்தச் சாறும் விழுங்குகிறது. மெஷினுக்கு இரண்டும் ஒன்று. அது என்ன கண்டது? அப்படியானால் மருந்து எங்கே? மருந்து அடைத்த மணிகளைக் கரைத்து உடைத்துப் பார்த்தார்கள். மருந்து அத்தனையும் உள்ளேயே, வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி, கிளம்பும் எண்ணமே இல்லாமல் உட்கார்ந்திருந்தது. இத்தனை வருஷமாக உலகத்துக்கு அவன் காட்டிக்கொண்டிருந்தது தோகைச் சாறு.

மாணவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த புதிதில், "சார், காலி மணியையும் ஒரு வாட்டி ஓட்டிப் பாத்துடலாமா?" என்று கேட்டிருக்கிறாள். "காலியில என்னம்மா இருக்கு அளக்கறதுக்கு?" என்று எல்லார் முன்னாலும் சொல்லி அவன் சிரித்திருக்கிறான். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். அதன்பிறகு அவள் கேட்கவில்லை. இப்போதும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது அவனுக்கு.

ஓட்டைவாய் ஓட்டமாக இயக்குநர் அறைக்குப் போனான். "சார், மருந்து வெளியவே வரல. அத்தனையும் சாறு" என்று வாசலிலேயே போட்டு உடைத்தான்.

"முதல்ல கதவைச் சாத்துங்க" என்றார் இயக்குநர்.

எல்லாவற்றையும் கேட்டார். கோபப்படவில்லை. கோபப்படுகிறவராக இருந்தால் இயக்குநர் ஆகியிருக்க முடியாது. கோடு போட்ட கோப்பையை எடுத்து ஒரு வாய் காப்பி குடித்தார்.

"உண்மையைச் சொல்லக் கூடாதுன்னு நான் சொல்லவே மாட்டேன். கட்டாயம் சொல்லணும். ஆனா எப்படிச் சொல்றோம்கிறது இருக்கு இல்லையா? தடால்னு போட்டா யார் தாங்குவாங்க? முதல்ல மெஷின்ல கோளாறுன்னு சொல்வோம். அப்புறம் மணியில ஒரு சின்னத் திருத்தம்னு சொல்வோம். அப்புறம் மெல்ல மெல்ல. தேவையான அளவு, தேவையான நேரத்துல. நம்ம வேலையே அதுதானேய்யா!"

கேட்க வெட்கமாக இருந்தாலும், அது ஓட்டைவாய்க்கு நியாயமாகவே பட்டது. ஏன் பட்டது என்று அவனுக்கே தெரியும். அக்காவின் முகத்தை நினைத்தான். அந்த முகத்துக்கு நேராக இதைச் சொல்லும் தைரியம் அவனுக்கு இல்லை. பிறந்ததிலிருந்து ஒரு ரகசியத்தையும் காப்பாற்றத் தெரியாதவன், அன்று முதன்முதலாக ஒன்றை வாங்கி உள்ளே போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனான்.

அக்கா சமையலறை மேசையருகே உட்கார்ந்து, நாற்காலியின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக் கட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ரத்தம் எடுக்கும் முன் கையில் கட்டும் பட்டை. கை பழக்கம் விட்டுப்போகக் கூடாதாம்.

"அக்கா, சோதனை கொஞ்சம் தள்ளிப் போகும் போல இருக்கு. மெஷின்ல ஏதோ கோளாறு."

"அதுக்கா மூஞ்சியை இப்படி வெச்சிருக்கே? போனாப் போகுது. காப்பி குடி."

குடித்தான். அடுத்த முறை போனபோது, "மணியில ஒரு சின்னத் திருத்தம் பண்றோம்" என்றான். "பண்ணுங்க, பண்ணுங்க. அரைகுறையா எதையாவது குடுத்துத் தொலைக்காதீங்க" என்றாள். கோப்பையைத் தட்டில் வைக்கும்போது அவள் கை படபடவென்று அடித்து, காப்பி மேசையில் சிந்தியது. முன்னைவிட அதிகமாக நடுங்கியது. அவன் அதைப் பார்த்தான். அக்கா விதிப்படி பழைய மாத்திரையைக் குறைத்துக்கொண்டு வருகிறாள் என்று அவனுக்குத் தெரியாதா என்ன? தெரியும். "குறைக்காதேக்கா" என்று சொன்னால் "ஏன்" என்று கேட்பாள். ஏன் என்று சொல்ல ஆரம்பித்தால் முழுவதையும் சொல்ல வேண்டும். அதனால் மென்று முழுங்கிவிட்டு, துணி எடுத்து மேசையைத் துடைத்துக் கொடுத்தான். நல்ல தம்பி!

இப்படி அவன் சொட்டுச் சொட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. கோப்புகளைத் தூக்கிக்கொண்டு வார்டு பக்கம் போன அக்காவுக்குக் கால் திடீரென்று தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிட்டிருக்கிறது. மருந்து குறைந்தால் இந்த வியாதியில் அப்படி ஆகும். உடம்பு முன்னே போக, கால் வராமல், அவள் பழைய வார்டு வாசலிலேயே, அவளிடம் தொழில் கற்ற சின்னப் பெண்கள் அத்தனை பேர் கண் முன்னால், முகம் குப்புற விழுந்திருக்கிறாள்.

அவன் போய்ச் சேர்ந்தபோது நெற்றியில் கட்டோடு படுத்திருந்தாள். "தையல் போட்டவன் கத்துக்குட்டி. கோணிப்பை தைக்கிற மாதிரி தைச்சிருக்கான்" என்றாள். "எல்லாரும் பாத்துட்டாங்கடா. சரி விடு. உன் மணி வந்துட்டா இதெல்லாம் ஒரு விஷயமா?"

அந்த ஒரு வார்த்தையில் அவன் உடைந்துபோனான்.

"மணி வராதுக்கா" என்றான். அதன்பிறகு யார் நினைத்தாலும் அவனை நிறுத்தியிருக்க முடியாது. காலி மணி, தோகைச் சாறு, வெளியே வராத மருந்து, மாணவி அன்று கேட்டது, தான் சிரித்தது, இயக்குநர் சாத்தச் சொன்ன கதவு, எல்லாம் வந்து விழுந்தன. பக்கத்துக் கட்டிலில் இருந்தவளுக்குத் துணைக்கு வந்தவள் பழம் உரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

அக்கா அவன் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"எப்போ தெரியும் உனக்கு?"

"மெஷினுக்கு விளக்கு மாத்தினப்போ."

"அதுக்கப்புறம் என் வீட்டுக்கு வந்து எத்தனை வாட்டி காப்பி குடிச்சே?"

அவன் விரலை மடக்கி எண்ணப் பார்த்து, பாதியிலேயே கையை இறக்கிக்கொண்டான்.

"சின்ன வயசுல இருந்து உன் வாயை மூட முடியாம அல்லாடியிருக்கேன்டா. ஆயுசுலயே ஒரே ஒரு வாட்டிதான் மூடியிருக்கே. அதுவும் எனக்கா?" அவள் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. "ஊசியைச் சொட்டுச் சொட்டா யாராவது குத்துவாங்களா? மெல்லக் குத்தினாத்தான் வலி ஜாஸ்தி. குத்தினா ஒரே குத்து, எடுத்துடணும். இதைக்கூடவா நான் உனக்குச் சொல்லித் தரணும்? போ. என் முன்னால நிக்காத."

அவன் போனான். வீட்டுக்குப் போகவில்லை. சோதனைக்கு அனுமதி கொடுத்த குழுவின் மருத்துவரிடம் நேரே போய்ச் சொன்னான். பெயர் கொடுத்த மற்ற நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, "பழைய மாத்திரையைக் குறைக்காதீங்க, குறைச்சிருந்தா உடனே உங்க டாக்டரைப் பாருங்க" என்று காரணத்தோடு சொன்னான். காவலாளியிடம் சொன்னான். கேன்டீனில் சொன்னான். எல்லார் முன்னாலும் மாணவியிடம், "நீ கேட்டது சரிம்மா, நான் சிரிச்சது தப்பு" என்றான். அவள் தலையை ஆட்டிவிட்டு, "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம் சார்" என்று மட்டும் சொன்னாள். அதுவும் நியாயம்தான்.

இயக்குநர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அவருக்கு என்ன! சோதனை நின்றுபோன சூடு ஆறுவதற்குள் ஒரு கூட்டம் போட்டு, உள்ளே வைத்த பொருளை ஒரு துளிகூடக் கசியவிடாத தாவர நானோ மணியைத் தம் ஆய்வுக்கூடம் கண்டுபிடித்திருப்பதாக அறிவித்தார். பொருள்களைக் கெடாமல் பாதுகாத்து வைக்க இதைவிட நல்ல கலம் கிடையாதாம். வரவேற்பறையில் பழைய கோட்டைக் கழற்றிவிட்டுப் புதுக் கோட்டை மாட்டினார். அது தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும் கோடு. அதற்கும் கைதட்டினார்கள். ஓட்டைவாயை மட்டும் வெளி ஆட்கள் வரும் நாட்களில் பின்பக்கக் கிடங்கில் தோகை எண்ணச் சொல்லிவிட்டார்கள்.

அவனுக்கு அதில் வருத்தமில்லை. அக்கா போனை எடுக்கவில்லை என்பதுதான் வருத்தம். அக்காவின் புருஷன், மாமாவிடம் கேட்டால், "நல்லா இருக்கா, மாத்திரை பழையபடி போடறா" என்பார். நல்ல மனுஷர். எல்லாரையும் நல்லா இருக்கிறார்கள் என்றே சொல்வார்.

அப்புறம் ஒரு காலையில் அவளே கூப்பிட்டாள். "வா" என்றாள். அவ்வளவுதான்.

சமையலறை மேசையில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. அதன்மேல் ஊசி, பஞ்சு, ஸ்பிரிட், ரப்பர் பட்டை. ஓட்டைவாய்க்கு ஊசி என்றால் சின்ன வயதிலிருந்தே பயம். அவன் வாசலிலேயே நின்றான்.

"உக்காரு. கையை நீட்டு."

"எதுக்குக்கா?"

"தலைமை நர்ஸ்கிட்ட பேசிட்டேன். மாத்திரை ஏறி கை நிக்கிற நேரம் மட்டும் நான் வார்டுல வந்து ரத்தம் எடுக்கறேன், இறங்கினா நானே கோப்பு அறைக்குப் போயிடறேன்னு சொன்னேன். அதுக்கு அவ, உன் கையை நீயே சோதிச்சுப் பாத்துட்டு வந்து சொல்லு, நீ சொன்னா நம்பறேன்னுட்டா. ஒழுங்கா வந்தாப் போவேன். இல்லேன்னா இனிமே கேக்கவே மாட்டேன்."

"மாமா கையில குத்திப் பாக்கலாமே?"

"அவர் குடலைக் கிழிச்சாக்கூட வலிக்கலைன்னு சொல்வார். மத்தவங்களும் அப்படித்தான், பாவம் பாத்துப் பொய் சொல்வாங்க. உன்னாலதான் முடியாது." ரப்பர் பட்டையைக் கையில் எடுத்தாள். "முடியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன். நீட்டு."

நீட்டினான். பட்டையைக் கட்டினாள். விரலால் தடவி இடம் பார்த்தாள். அந்த விரல் பழைய விரல்தான், தேடிய இடத்தில் சட்டென்று நின்றது. மற்றக் கை ஊசியை எடுத்தது. அவன் கண்ணை மூடிக்கொள்ளப் பார்த்தான், முடியவில்லை. தோலுக்குப் பக்கத்தில் வந்ததும் ஊசிமுனை லேசாக ஆடியது. பிறகு உள்ளே போனது.

அம்மாடி! உயிர் போய்விட்டு வந்தது. முனை உள்ளே போய் இந்தப் பக்கம் தேடியது, அந்தப் பக்கம் தேடியது. குழாயில் ரத்தம் வரவில்லை. அக்கா ஊசியை வெளியே எடுத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் கோணலாகத் தைத்த தழும்புக்குக் கீழே அந்தக் கண்கள் காத்திருந்தன.

"வலிக்கவே இல்லக்கா" என்ற வார்த்தை அவன் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். அவன்தானே சொல்கிறான்!

"வலிச்சுதுக்கா" என்றான். "ரொம்ப வலிச்சுது. நரம்பு கிடைக்கல. குத்தும்போது உன் கை ஆடிச்சு. நான் பாத்தேன்."

அக்கா பஞ்சை எடுத்து அவன் முழங்கை மடிப்பில் வைத்தாள். "தேய்க்காத. கையை மடக்கி அழுத்திப் பிடி" என்றாள். எழுந்து போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். அவள் தோள் குலுங்கியது. அவனுக்கும் அழுகை வந்துவிட்டது, அதையும் அவனால் அடக்க முடியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். கையை முன்னால் நீட்டி, விரல்களை விரித்துப் பார்த்தாள். இன்னும் லேசாக ஆடின.

"மாத்திரை இன்னும் முழுசா ஏறல. அவசரப்பட்டுட்டேன்" என்றாள். புது ஊசி ஒன்றைப் பிரித்துத் துணிமேல் வைத்தாள். "காப்பி போடறேன். குடிச்சிட்டு இன்னொரு கையை நீட்டு. வலிச்சா வலிச்சுதுன்னு சொல்லு."

ஓட்டைவாய் வலது கையை மடக்கிப் பஞ்சை இறுக்கிக்கொண்டு, இடது கைச் சட்டையைப் பல்லால் கடித்து மேலே இழுத்தான்.